வடிவாய்

கொடியேற்றத்துக்கு இன்னும் எழுபத்தொரு நாள் என்று
கலண்டரில் வட்டம் போட்டவன் நான் மட்டுமில்லை.
வைகாசி பிறந்தால்
கொக்குவிலில், கம்பிக்கடைக்கு மேல்மாடியில்,
பின்னேரம் ஆறு மணிக்கு
பெஞ்சுக்கு வரிசை நிற்கும்.

வருசம் முழுக்கச் சட்டைக்குள் இருக்கிற ஊர்
நல்லூர் வாசலில் அதைக் கழற்றும்.
ஓட்டோவுக்குக் கட்டுக்காசு பிந்தினவனும்
அந்த ஓட்டோவைப் பறித்துக்கொண்டு வந்த
லீசிங் கொம்பனிக்காரன் நானும்
ஒரே வேட்டி, ஒரே வெறும் நெஞ்சு.
போன வருசம் வரை
தூணுக்குப் பின்னால், சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றி
சாமிக்கு ஒரு காதை மட்டும் காட்டிக் கும்பிட்டேன்.
முப்பத்தாறு வயது.
கதிரை செய்த உடம்பு.

முதல் நாள் வெறும் கம்பி. இருபது கிலோ.
வெறும் என்ற சொல்லை அன்றைக்குத்தான் சந்தேகித்தேன்.
பழக்குகிற நிலக்சனுக்கு இருபத்துமூன்று வயது.
"அவசரப்படாதேங்கோ அண்ணை, வடிவாச் செய்யுங்கோ."
ஒழுங்காய்ச் செய் என்கிறான்.
தெரியாதா எனக்கு?
ஆனாலும் அவன் சொல்லச் சொல்ல
கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

குருநகர் நிக்ஸன் வருவது வேறு காரணத்துக்கு.
பதினாறு வயதிலிருந்து வலை இழுத்து
வலத் தோள் ஒரு மலை, இடத் தோள் ஒரு திட்டி.
"தைச்ச சேட்டு ஒரு பக்கம் ஏறி நிக்குது மச்சான்."
அவனுக்குச் சட்டை வடிவாய் இருக்க வேண்டும்.
எனக்குச் சட்டை இல்லாமல்.

வீட்டில் சுகிர்தா முட்டைக் கோதுகளை எண்ணினாள்.
"ஒரு தேங்காய் துருவித் தராத கை,
அதுக்கு நாளுக்கு ஆறோ?"

ஒரு நாள் கரண்ட் போனது.
நெஞ்சுக்கு மேல் ஐம்பது கிலோ, எட்டாவது தரம்.
மின்விசிறி நின்றது, பாட்டு நின்றது,
கண்ணாடி இல்லாமல் போனது.
நிக்ஸனின் இரண்டு விரல்
கம்பிக்குக் கீழே கூடவே வந்ததாக்கும்.
"உன்ரைதான், உன்ரைதான், நான் பிடிக்கேல்லை."
இருட்டுக்குள் அது உண்மையோ
இன்றைக்கும் தெரியாது.
ஏறிவிட்டது.

பிறகு கொடி ஏறியது, வீட்டில் முட்டை இறங்கியது.
சட்டி பானை கழுவிக் கவிழ்த்தாயிற்று.
பயறும் கடலையும் தின்று
அலுவலகத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன்.

எட்டாம் திருவிழா, காலைப் பூசை.
சட்டையை மடித்துக் கையில் போட்டேன்.
தூணை விட்டு வெளியே வந்தேன்.
மேல்மாடிக்காரரை ஒரு பார்வையில் தெரிந்தது:
மூச்சை அடக்கி, அக்குளுக்குள்
கோழிக்குஞ்சு வைத்திருக்கிறவர்கள் போல
கையை விலத்திப் பிடித்து நின்றார்கள்.
நானும் ஒரு குஞ்சு வைத்திருந்தேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தது ஒருவர்தான்.
பக்கத்தில், பெரிய தொந்தியோடு, நெற்றி நிறைய நீறோடு,
அந்த ஓட்டோக்காரர்.
மேலிருந்து கீழ்வரை வடிவாய்ப் பார்த்தார்.
குறை நினைக்கிறார் என்று நினைத்தேன்.
"என்ன சேர், மெலிஞ்சு போனியள்?
உடம்புக்கு ஏதும் ஏலாதோ?"

எழுபத்தொன்பது நாள்.

மறுமொழி தேடுவதற்குள் திரை விலகியது.
மணி, அரோகரா,
ஆயிரம் கை தலைக்கு மேலே போனது.
என் கையும் போனது.
தோள் பந்துக்குள் எங்கோ ஓர் இழை நொந்தது,
முந்தநாள் தூக்கின நோ,
என்னுடைய சொந்த நோ.
வயிற்றை எக்கிப் பிடிக்க மறந்திருந்தேன்.
கோழிக்குஞ்சு எப்போது ஓடியதோ.

அன்று பின்னேரம் மேல்மாடியில் வரிசை இல்லை.
நிக்ஸன் மட்டும்
இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தான்,
ஒன்பது, பத்து, அவசரமில்லாமல்.
கம்பியைத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.
எழும்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன்.
பொய் எதற்கு,
பக்கவாட்டாகவும் பார்த்தேன்.